வீட்டுச் சேமிப்பு சர்வருக்குப் பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரே போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டுப் படங்களையும் ஆவணங்களையும் ஒரே இடத்தில் வைத்து எல்லார் போனிலும் பார்க்கிற மாதிரி ஒரு சேமிப்பு சர்வர் வைத்துக்கொள்வது பற்றிப் போன ஞாயிறு உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல விஷயம், நன்றி. ஆனால் அதில் சொன்ன கருவியின் விலையைப் பார்த்துவிட்டு எங்கள் தெருவில் இரண்டு பேர் "இது நமக்கு ஆகாது" என்று பேப்பரை மடித்து வைத்துவிட்டார்கள், அதனால்தான் எழுதுகிறேன். டிஸ்க்கே இல்லாத வெறும் பெட்டிக்கு இருபதாயிரத்துக்கு மேல் கொடுக்க வேண்டியதே இல்லை. அதே கட்டுரையில் இரண்டு டிஸ்க்கில் ஒரே நேரத்தில் எழுதி வைத்தால் எல்லாம் பத்திரம் என்றும் இருந்தது. அது தவறு, அந்தத் தவறுக்கு நான் விலை கொடுத்திருக்கிறேன்.

மார்த்தாண்டத்தில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் போடும் கடை வைத்திருக்கிறேன். வீடு களியக்காவிளைக்குச் சற்று இப்புறம். தாத்தா காலத்து நிலப் பத்திரங்கள் எங்களிடம் மலையாளத்தில் இருக்கின்றன, 1956 நவம்பர் 1 வரைக்கும் இந்தப் பக்கமெல்லாம் திருவிதாங்கூர், கடைசியில் திருவிதாங்கூர்-கொச்சிதானே. அந்தக் காகிதம் மடிப்பில் தொட்டாலே உதிர்கிறது. அதை ஸ்கேன் செய்தது, மஸ்கட்டில் இருக்கும் அண்ணனும் மதினியும் அனுப்பும் பிள்ளைகள் படம், அக்கா கல்யாண கேசட்டிலிருந்து மாற்றிய வீடியோ எல்லாம் சேர்த்தால் ஒன்றரை டெராபைட், அதாவது 1,500 ஜிபி வரும். கூகுளில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி, 2021 ஜூன் முதல் போட்டோக்களும் அந்தக் கணக்கில்தான் சேர்கின்றன.

முதலில் பரணில் கிடந்த பழைய கம்ப்யூட்டரைத்தான் தூசி தட்டி ஓட்டினேன். பிளக்கில் சொருகும் வாட் மீட்டர் ஒன்று வாங்கி அளந்தபோது சும்மா இருக்கும்போதே 75 வாட் காட்டியது. நாள் முழுக்க ஓடும் பெட்டிக்கு அது இரண்டு மாதத்தில் 108 யூனிட். அதோடு அதன் லேன் (வயர் இணைப்பு) நொடிக்கு 100 மெகாபிட் வேகம்தான், 100 ஜிபி வீடியோவை ஏற்ற இரண்டரை மணி நேரம் ஆகும், பத்து மடங்கு வேகமான ஜிகாபிட் லேன் இருந்தால் கால் மணி நேரத்தில் முடிகிற வேலை.

இரண்டாம் தடவை திருவனந்தபுரத்துக்குப் பஸ் ஏறிப் போய்த் தம்பானூர் பக்கம் ஒரு கடையில் செகண்ட் ஹேண்ட் ஆபீஸ் கம்ப்யூட்டர் வாங்கினேன், இன்டெல் ஆறாம் தலைமுறை ஐ5 பிராசஸர், 8 ஜிபி ராம், 9,500 ரூபாய். இவ்வளவு மலிவாகக் கிடைக்க ஒரு காரணம் உண்டு. விண்டோஸ் 11 இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் கீழே ஏற்காது, விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு முடிந்தது, அதனால் ஆபீஸ்கள் கழித்துவிடுகின்றன. நமக்கு விண்டோஸே வேண்டாம். டெபியன் லினக்ஸ் மேல் ஓடும், சேமிப்பு சர்வருக்கென்றே உள்ள ஓபன்மீடியாவால்ட் என்ற மென்பொருள் இலவசம், இந்தக் கம்ப்யூட்டர் அதற்குத் தாராளம். டிஸ்க் இரண்டும் ஓடும்போது மீட்டரில் 28 வாட், இரண்டு மாதத்துக்கு 40 யூனிட்.

கடையில் விலை பேசுவதற்கு முன் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கையகல மினி பிசி அழகாக இருக்கும், ஆனால் 3.5 இன்ச் டிஸ்க் உள்ளே போகாது. பெரிய டிஸ்க் வைக்க எத்தனை இடம், மதர்போர்டில் டிஸ்க் வயர் சொருகும் சாட்டா முனை எத்தனை, உள்ளே மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து டிஸ்க்குக்கு வரும் வயர் எத்தனை, மூன்றையும் எண்ணிப் பாருங்கள். பெரிய கம்பெனிகளின் சில மாடல்களில் எஸ்எம்பிஎஸ் முனையே வேறு மாதிரி இருக்கும், பழுதானால் பக்கத்துக் கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் பொருந்தாது, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ராஸ்பெர்ரி பை என்ற சின்ன ஒற்றை போர்டு கம்ப்யூட்டர் பற்றிக் கேட்பவர்களுக்கு: போர்டு, அடாப்டர், கேஸ், டிஸ்க்குக்குத் தனி மின்சாரம் என்று கூட்டினால் ஏறக்குறைய இதே விலைக்கு வந்து நிற்கிறது, டிஸ்க்கோ யூஎஸ்பி வயரில் தொங்கும்.

அந்தக் கம்ப்யூட்டரோடு ஒரு 1 டெராபைட் டிஸ்க்கும் சேர்த்துத் தந்தார்கள். "புதியது போலத்தான் சேச்சி" என்றார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து, டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் விவரத்தைப் பார்த்தால் ஓடிய நேரம் 41,000 மணி, அதாவது நாலே முக்கால் வருடம் ராப்பகலாகச் சுற்றியிருக்கிறது. கெட்டுப்போய் மாற்றி வைத்த செக்டர்களும் (எழுதும் சிறு பகுதிகள்) இருந்தன. அதை எடுத்துவிட்டேன். கம்ப்யூட்டர் பழசாக இருக்கலாம், டிஸ்க் புதிதாக, பில்லோடு, வாரண்டியோடு இருக்க வேண்டும், மிச்சம் பிடித்த காசு முழுவதும் போக வேண்டிய இடம் இதுதான்.

புதிதாக வாங்கும்போதும் எஸ்எம்ஆர் வகையா சிஎம்ஆர் வகையா என்று கட்டாயம் கேளுங்கள். எஸ்எம்ஆர் டிஸ்க் எங்கள் ஊர் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி: ஒரு தடத்தின் மேல் அடுத்த தடம் கொஞ்சம் ஏறி உட்கார்ந்திருக்கும், நடுவில் ஒரு ஓடு மாற்ற வேண்டுமானால் அதன் மேல் கிடப்பதையும் எடுத்து மறுபடி அடுக்க வேண்டும். சிஎம்ஆரில் தடங்கள் அப்படி ஏறி உட்காராது. வேறிடத்தில் எடுத்து வைக்கும் காப்பிக்கு எஸ்எம்ஆர் போதும், சர்வருக்குள் போட்டால் எழுதும்போது திணறும். 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல், சர்வருக்கென்றே விற்ற ரெட் டிஸ்க்குகளில் சில அளவுகள் எஸ்எம்ஆர் என்பதை முன்கூட்டிச் சொல்லவில்லை என்று பெரிய சர்ச்சையே ஆனது. இப்போது ரெட் பிளஸ் சிஎம்ஆர், சீகேட்டில் அயன்வுல்ஃப் சிஎம்ஆர். நான் 4 டெராபைட்டில் இரண்டு போட்டிருக்கிறேன்.

இனி அந்தத் தவறு. பரண் கம்ப்யூட்டர் ஓடிய காலத்தில் அதிலும் இரண்டு டிஸ்க், எழுதுவதெல்லாம் இரண்டிலும் ஒரே நேரத்தில் பதியும், அதனால் நிம்மதியாக இருந்தேன். ஐப்பசியில் எங்கள் பக்கம் மதியத்துக்குமேல் இடி எப்படி இறங்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஒரு நாள் மாலை நாலு மணி இருக்கும், ஒரே வெளிச்சம், ரூட்டர் இருந்த மூலையிலிருந்து கருகிய வாடை. இணையம் ஃபைபரில்தான் வருகிறது, கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. மாடியில் வைத்த கேமராவுக்கு வெளியே இழுத்திருந்த லேன் வயர் வழியாகத்தான் மின்னல் வந்திருக்க வேண்டும். ரூட்டர், கம்ப்யூட்டர், இரண்டு டிஸ்க் எல்லாம் போயின. டிஸ்க்கைக் காதில் வைத்துப் பார்த்தேன், சுற்றும் சத்தமே இல்லை.

பாறசாலையில் அக்கா வீட்டு பீரோவில் ஒரு யூஎஸ்பி டிஸ்க்கில் காப்பி இருந்ததால் பத்திரங்களும் கல்யாண வீடியோவும் தப்பின. அந்தக் காப்பி மூன்று வாரம் பழசு. அந்த மூன்று வாரத்தில்தான் அண்ணன் குடும்பம் லீவுக்கு வந்துவிட்டுப் போயிருந்தது. அம்மா மடியில் கடைக்குட்டி தூங்குகிற படம் அதில் இருந்தது. போனில் இடம் இல்லை, சர்வரில்தான் இருக்கிறதே என்று போனிலிருந்து நானே அழித்திருந்தேன்.

இரட்டை டிஸ்க் ஒரு டிஸ்க் தானாகச் செத்தால் உதவும், அவ்வளவுதான். மின்னலுக்கும் திருட்டுக்கும் கை தவறி அழித்துவிடுவதற்கும் அது ஒன்றும் செய்யாது, இங்கே அழித்தது அங்கேயும் அந்த நொடியே அழியும். கையில் இரண்டு டிஸ்க்குக்குத்தான் காசு இருக்கிறது என்றால் ஒன்றை சர்வரில் போட்டு, மற்றதை யூஎஸ்பி கேஸில் போட்டு வேறொரு வீட்டில் வையுங்கள், இரண்டையும் ஒரே பெட்டிக்குள் பூட்டாதீர்கள். நான் இப்போது மாதம் இரண்டு தடவை பாறசாலை போய் வருகிறேன், அத்தானுக்கு அது வேடிக்கையாக இருக்கிறது, பரவாயில்லை. கேமராவை வைஃபைக்கு மாற்றிவிட்டேன். இன்வெர்ட்டரில் யூபிஎஸ் மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதைப் போடாவிட்டால் கரண்ட் போகும் அந்த நொடியில் சர்வர் அணைந்து எழும். சர்வரில் சொருகும் யூஎஸ்பி வயரோடு வரும் சின்ன யூபிஎஸ் ஒன்று தனியாக வைத்தால் இன்னும் நல்லது, பேட்டரி தீருவதற்குள் சர்வர் தன்னைத்தானே ஒழுங்காக அணைத்துக்கொள்ளும். இடி கேட்டால் அம்மா சர்வரை அணைத்துவிட்டுப் பிளக்கைப் பிடுங்கிவிடுவார்.

எனக்கு மொத்தத்தில் அதிகம் செலவானது டிஸ்க்குக்குத்தான், அப்படித்தான் இருக்க வேண்டும். உங்கள் கட்டுரையில் மற்றது எப்படி இருந்தாலும், இரட்டை டிஸ்க் இருந்தால் தனிக் காப்பி வேண்டாம் என்று படிக்கிறவர்கள் நினைக்கும்படி இருந்த அந்த ஒரு வரியை மட்டும் திருத்திப் போடுங்கள், ஐப்பசி பிறப்பதற்கு முன்னால் வந்தால் எங்கள் பக்கத்துக்கு ரொம்ப உதவும்.

ஒரு வாசகி,
களியக்காவிளை அருகே, கன்னியாகுமரி மாவட்டம்