மஸ்கட்டுக்கு வரவிருக்கும் மருமகனுக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. உனக்கு வேலை உறுதியாகிவிட்டது என்று அக்கா சொன்ன அன்றிரவே உன்னிடம் பேசினேன். ஆனாலும் நீ கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் எனக்கே நிறைவாக இல்லை. "அங்கே வாழ்க்கை எப்படி இருக்கும் மாமா?" என்றாய். "நன்றாக இருக்கும், தைரியமாக வா" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிட்டேன். ஓர் ஊரில் பதினேழு ஆண்டுகள் இருந்தவன் அப்படி ஒரு வரியில் முடித்திருக்கக் கூடாது. இதே கேள்வியை வேறு சில இளைஞர்களும் கேட்டிருப்பதால் இதைப் பொதுவில் வைக்கிறேன். ஆனால் ஒவ்வொரு வரியையும் உன் முகத்தை நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

முதலில் வேலை. நெம்மேலியில் இரண்டாண்டு வேலை பார்த்த உனக்குக் கடல்நீரைக் குடிநீராக்கும் வித்தையை நான் கற்றுத்தர வேண்டியதில்லை. இங்கும் அதே வடிகட்டிகள், அதே உயர் அழுத்தப் பம்புகள், உப்பைப் பிரிக்கும் அதே சவ்வுக் குழாய்கள். வேறுபாடு ஒன்றுதான். சென்னைக்கு ஏரிகள் உண்டு, வீராணம் உண்டு, வடகிழக்குப் பருவமழை உண்டு. கடல்நீர் அவற்றோடு சேரும் ஒரு துணை. மஸ்கட்டில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 100 மில்லிமீட்டர்தான். நம் பக்கத்தில் ஐப்பசியில் ஒரே இரவில் அவ்வளவு கொட்டுவது உண்டு. ஓடும் ஆறு என்று ஒன்றும் கிடையாது. உள்நாட்டு ஊர்களில் அஃப்லாஜ் என்னும் பழைய வாய்க்கால்கள் பேரீச்சந்தோப்புகளைக் காப்பாற்றுகின்றன. ஆனால் நகரம் குடிப்பதும் குளிப்பதும் சமைப்பதும் பெரும்பாலும் நாம் கடலிலிருந்து பிரித்துக் கொடுக்கும் தண்ணீரில்தான். 2007 ஜூன் மாதம் கோனு புயல் அடித்தபோது இந்த நகரம் குடிநீரின்றித் தவித்ததை இங்குள்ள பழைய ஆட்கள் இன்றும் சொல்வார்கள். நம் ஷிப்டில் ஒரு பம்ப் நின்றால் எங்கோ ஒரு வீட்டின் மாடித்தொட்டி காலியாகத் தொடங்குகிறது என்ற நினைப்பு, இரவு மூன்று மணிக்குக் கண் சொக்கும்போதும் என்னை எழுப்பி உட்கார வைக்கும்.

நீ செய்யப்போகும் வேலைகளில் எனக்கு மிகப் பிடித்தது எஸ்.டி.ஐ. சோதனை. தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய அழுக்கு சவ்வை எவ்வளவு அடைக்கும் என்று அளப்பது அது. சவ்வுக்குள் போகவிருக்கும் தண்ணீரை, 0.45 மைக்ரான் துளைகள் கொண்ட வெள்ளைத் தாள்வில்லை ஒன்றின் வழியாக 30 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் செலுத்தி, அரை லிட்டர் நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று குறித்துக்கொண்டு, பதினைந்து நிமிடம் ஓடவிட்டு மறுபடியும் குறித்து, இரண்டையும் ஒப்பிட்டுக் கணக்கிடுவோம். விடை 3-க்குள் இருந்தால் நிம்மதி. 5-ஐத் தொட்டால் சவ்வுக்கு ஆபத்து. எண்ணை எல்லாரும்தான் எழுதுகிறார்கள். எனக்கு முதன்முதலில் வேலை சொல்லித்தந்த கேரளத்துப் பெரியவர், எண்ணோடு நிற்காமல் அந்தத் தாள்வில்லையையும் உலர்த்திப் பதிவேட்டில் ஒட்டி வைப்பார். பக்கத்துக்கு மூன்று வில்லைகள், ஒவ்வொன்றின் கீழும் தேதியும் ஷிப்டும். அந்தப் பதிவேட்டைப் புரட்டினால் கடலின் நிறமே மாதாமாதம் மாறுவது தெரியும்: குளிர்காலத்தில் பால்வெள்ளை, காற்றடித்து மணல் கலங்கிய நாட்களில் வெளிர்ச் சந்தனம். நான் வந்து சேர்ந்த 2008 கடைசியில் அந்த வில்லைகள் தேயிலைச் சக்கையின் நிறத்தில் இருந்தன.

அது பாசிப்பெருக்கு. ரெட் டைட் என்று இங்கே சொல்வோம். காக்லோடினியம் என்னும் நுண்பாசி ஓமான் கடலிலும் அரபு வளைகுடாவிலும் பெருகி, எட்டு மாதங்களுக்கு மேல் நீடித்தது. மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின, இந்தக் கரையோரத்தில் பல குடிநீர் நிலையங்களை நிறுத்த வேண்டியிருந்தது. நான் அப்போது இருந்தது ஒரு சிறிய நிலையம். நாலாவது நிமிடத்திலேயே தாள் அடைபட்டுத் தண்ணீர் சொட்டுவது நின்றுவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கடலே எனக்கு எதிராக நிற்பதுபோல் பயந்தேன். பெரியவர் அந்தப் பழுப்பு வில்லையை என் உள்ளங்கையில் வைத்து, "இதைத் தினமும் பார், பயம் போய்விடும்" என்றார். அதில் ஒன்றை இன்றும் என் நாட்குறிப்பில் வைத்திருக்கிறேன்; வந்தால் காட்டுகிறேன்.

வெயிலைப் பற்றிக் கேட்டாய். வேம்பாரில் பிறந்தவனுக்கு வெயில் புதிதா என்று அலட்சியமாக நினைத்துவிடாதே. நானும் அப்படித்தான் நினைத்து வந்தேன். கடகரேகை இந்த நகரத்துக்குச் சற்றே தெற்கில் ஓடுகிறது. ஜூன் மாதத்தில் நண்பகல் சூரியன் ஏறத்தாழ உச்சந்தலைக்கு நேர்மேலே நிற்பதால், கம்பத்துக்குக்கூட நிழல் விழாது. அதோடு இந்த நகரம் மலைக்கும் கடலுக்கும் இடையில் நெருக்கிக்கொண்டு கிடக்கிறது. பின்னால் நிற்கும் ஹஜர் மலையின் கரும்பாறை சாதாரணப் பாறை இல்லை. கடலுக்கு அடியில், பூமியின் மேலோட்டுக்கும் கீழே கிடந்தது பல கோடி ஆண்டுகளுக்கு முன் மேலே தள்ளப்பட்டு மலையாகி நிற்கிறது என்று புவியியலாளர்கள் உலகம் முழுவதிலிருந்தும் வந்து பார்க்கிறார்கள். பகல் முழுவதும் அது குடித்த வெயிலை இரவில்தான் நம் மேல் ஊதும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பகல் 12.30 முதல் 3.30 வரை திறந்தவெளியில் ஆட்களை வேலை வாங்கக் கூடாது என்று இங்கே சட்டம் இருக்கிறது. மேலாளர் அவசரப்படுத்தினாலும், உனக்குக் கீழே வேலை செய்பவர்களை அந்த நேரத்தில் வெளியே அனுப்பாதே. வெயிலில் மயங்கி விழுந்த ஒருவரை இரண்டு பேராகத் தூக்கி நிழலுக்குக் கொண்டு வந்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

நவம்பர் பிறந்தால் இது வேறு ஊர். மார்ச் வரை காலையும் மாலையும் நம்மூர் மார்கழியின் இதம்தான். ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கலாம். வாதி என்று இங்கே சொல்லும் காட்டாறுகளைப் பற்றி மட்டும் ஒரு சொல்: வறண்டு கிடக்கும் அந்தப் பள்ளத்தில், எங்கோ மலைமேல் பெய்த மழைக்கு, நாம் நிற்கும் இடத்தில் ஒரு துளி விழாதபோதே வெள்ளம் வந்துவிடும். வண்டியோடு இறங்காதே.

இனி உன் ஒப்பந்தத்தைப் பற்றி. அனுப்பிய தாள்களைப் படித்தேன். மொத்தச் சம்பளத்தைப் பார்த்து மகிழ்ந்திருக்கிறாய். எனக்கோ அடிப்படைச் சம்பளம் குறைவாகவும் படிகள் கூடுதலாகவும் பிரிக்கப்பட்டிருப்பது உறுத்துகிறது. 2023-இல் வந்த தொழிலாளர் சட்டப்படி, பணி முடிந்து கிளம்பும்போது ஆண்டுக்கு ஒரு மாத அடிப்படைச் சம்பளம் பணிக்கொடையாகக் கிடைக்க வேண்டும். கணக்கு அடிப்படைச் சம்பளத்தின் மேல்தான். ஆகவே கையெழுத்துப் போடுவதற்கு முன் அதைக் கூட்டிக் கேள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு நாற்பது மணி நேரம் என்பதும் அதே சட்டம்தான். ஒரு ரியாலுக்கு ஆயிரம் பைசா. சம்பளத்தை இந்திய ரூபாயில் பெருக்கிப் பார்க்கும்போது, வீட்டு வாடகையையும் அதேபோல் பெருக்கிப் பார்த்துவிடு.

இதை வலியுறுத்த எனக்குக் காரணம் உண்டு. என் முதல் நிறுவனத்தில் ஒரு கட்டத்தில் மூன்று மாதம் சம்பளம் வரவில்லை. 2016-இல் நல்ல இடத்தில் வேலை கிடைத்தும், ஆட்சேபணை இல்லை என்ற என்.ஓ.சி. கடிதத்தைத் தர மறுத்துவிட்டார்கள். அக்காலத்தில் அந்தக் கடிதம் இல்லாமல் நாட்டுக்குள் வேறு முதலாளியிடம் மாற முடியாது. அந்த ஆண்டுதான் உன் அம்மாவுக்கு அறுவைச் சிகிச்சை. பணம் அனுப்ப முடியாமல் நண்பர்களிடம் கை நீட்டினேன். 2021 ஜனவரியிலிருந்து, ஒப்பந்தக் காலம் முடிந்தவர்களுக்கு அந்தக் கடிதம் தேவையில்லை என்று விதி மாறியது. அந்த ஆண்டே நான் வெளியே வந்தேன். நீ வருவது அதைவிட நல்ல காலத்தில்.

நான் உண்மையில் சொல்ல வந்தது இனிமேல்தான்.

வந்த நாளிலிருந்து முதல் ஆறு ஆண்டுகள் நான் மஸ்கட்டில் இருந்தேனே தவிர வாழவில்லை. நகரத்தின் ரூவி பகுதியில் ஓர் அறையில் நாலு பேர். ஷிப்ட், சமையல், தூக்கம், ஊருக்குப் போன். "இன்னும் இரண்டு வருஷம்தான்" என்று ஒவ்வோர் இரண்டு வருஷமும் சொன்னோம். நல்ல சட்டை ஊருக்குப் போகும்போது போட, நல்ல தட்டு ஊரில் வீடு கட்டினதும் வாங்க, ஓய்வு என்பது ஊரில் இறங்கியதும் தொடங்க. தினமும் ஆயிரக்கணக்கான கன மீட்டர் கடல்நீரைக் கையாண்ட நான், ஒருநாள்கூடக் கடலில் கால் நனைக்கவில்லை. இதை எழுதும்போது வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பேருந்தைத் தவறவிட்டு அஸைபா கடற்கரை ஓரமாக நடந்து வந்துகொண்டிருந்தேன். ஓமானி மீனவர்கள் ஒரு பிக்கப் வண்டியின் பின்னால் கயிற்றைக் கட்டிக் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். சக்கரம் ஈரமணலில் புதைந்து வண்டி நின்றதும், நாலைந்து பேர் இறங்கிக் கையால் இழுக்கத் தொடங்கினார்கள். தாத்தாவோடு வேம்பார்க் கரையில் வலை இழுத்த கை சும்மா இருக்குமா? செருப்பைக் கழற்றிவிட்டு நானும் கயிற்றைப் பிடித்தேன். தோளில் கயிற்றைச் சாய்த்து, குதிகாலை மணலில் ஊன்றிப் பின்னால் சாயும் அந்தப் பிடியைப் பார்த்ததும், முன்னால் நின்ற முதியவர் திரும்பி, "நீ கடல்காரன் மகனா?" என்று இந்தியில் கேட்டார். வலை கரை தொட்டபோது மத்தி மீன்கள் வெள்ளிக் காசுகளைப்போல் துள்ளின. எனக்குப் பங்காக ஒரு பை நிறையக் கொடுத்தார். அன்றிரவு அறையில் நாங்கள் நாலு பேரும் மத்திக் குழம்பு வைத்துச் சாப்பிட்டோம். இந்த ஊரில் நான் பசித்துச் சாப்பிட்ட முதல் சாப்பாடு அதுவென்றுதான் நினைக்கிறேன்.

அதன் பிறகு என் வாரம் மாறியது. வெள்ளியும் சனியும் விடுமுறை. வெள்ளி விடியலில் மத்ரா மீன் சந்தைக்குப் போவேன். வஞ்சிரத்துக்கு மட்டும் ஆகஸ்ட் 15 முதல் அக்டோபர் 15 வரை பிடிக்கத் தடை. அந்த மாதங்களில் சூரையும் மத்தியும்தான். சந்தையிலிருந்து வெளியே வந்தால் கடலோரச் சாலை. மறுபுறம் சூக் என்னும் பழைய கடைவீதி. உள்ளே நுழைந்ததுமே சாம்பிராணிப் புகை சட்டையில் ஏறிக்கொள்ளும். நகரத்து வீடுகள் எல்லாம் வெள்ளையும் வெளிர்நிறமுமாக உயரம் குறைந்து நிற்பதால், கரிய மலை எங்கிருந்தும் கண்ணில் படும். சனிக்கிழமை மாலைகளில் குரும் கடற்கரையில், கடல் உள்வாங்கிய ஈரமணலில், பையன்கள் பந்து விளையாடுவார்கள். ஆள் குறைந்தால் வேடிக்கை பார்ப்பவரையும் கூப்பிடுவார்கள். நீ போய்ச் சேர்ந்துகொள்ளலாம், நான் வேடிக்கை பார்க்கிறேன்.

இந்த ஊர்க்காரர்கள் பெரும்பாலும் மெல்லப் பேசுகிறவர்கள். சாலையில் கத்துவது இங்கே பெரிய அவமதிப்பு. சக ஊழியர் வீட்டில் பேரீச்சம்பழமும் ஏலக்காய் மணக்கும் காவா என்னும் அரபுக் காப்பியும் கொடுத்தால், போதும் என்று வாயால் சொல்லத் தேவையில்லை. குவளையை லேசாக ஆட்டிக் காட்டினால் புரிந்துகொள்வார்கள். ரமலான் மாதத்துப் பகலில் பொது இடத்தில் சாப்பிடாதே, தண்ணீரும் குடிக்காதே. நோன்பு திறக்கும் நேரத்தில் ஷிப்டில் இருந்தால் உனக்கும் ஒரு பங்கு வைத்திருப்பார்கள்.

தனிமை வரும், வராது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். இந்தியா நமக்கு ஒன்றரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. இரண்டாவது ஷிப்ட் முடிந்து இரவு பத்து மணிக்கு நீ போனை எடுக்கும்போது அங்கே பதினொன்றரை. அக்கா உனக்காகக் கண்விழித்திருப்பாள். அவளை விழிக்க வைக்காமல், ஷிப்டுக்குக் கிளம்பும் முன்பே பேசிவிடு. என் அம்மாவை நான் அப்படிப் பல ஆண்டுகள் காக்க வைத்தேன். அவள் போன பிறகுதான் அந்தக் கணக்கு எனக்குப் புரிந்தது.

வரும்போது பருப்பு, மசாலா, அரிசி என்று பெட்டியை நிரப்பாதே. எல்லாம் ரூவியிலேயே கிடைக்கும். அக்கா போட்ட நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு பாட்டில், உனக்குப் பிடித்த சட்டைகளில் மிக நல்லவை இரண்டு, மணலில் நடக்கத் தோதான செருப்பு. இவை போதும். விமான நிலையத்துக்கு நான் வந்துவிடுவேன். நீ இறங்குவது வியாழன் இரவு. மறுநாள் அசதியாக இருந்தாலும் நாலரை மணிக்கு எழுப்புவேன், கோபித்துக்கொள்ளாதே. ஐந்தரைக்குள் மத்ராவில் இருந்தால்தான் படகிலிருந்து மீன் இறங்குவதைப் பார்க்கலாம்.

அன்புடன்,
உன் மாமா