ஓப்பா போட்ட ஏழு

எல்லாருக்கும் வணக்கம்.

போன மாதம் எங்கள் ஓப்பா தவறிவிட்டார். ஜெர்மன்காரர்கள் தாத்தாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். என் கணவரின் தாத்தா, 95 வயது, ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் காலமெல்லாம் தச்சு வேலை பார்த்தவர். விசாரித்தவர்கள், வந்து கூட நின்றவர்கள், சாப்பாடு கொடுத்து அனுப்பியவர்கள் என்று ஆள் ஆளாகப் பதில் போட உட்கார்ந்தேன், முடியவில்லை, அதனால்தான் இந்தப் பொது மடல். உங்களில் பாதிப் பேர் அவரைப் பார்த்ததே இல்லை, அதனால் கொஞ்சம் கதையும் கலந்துதான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் 1952இல் வந்தார். அப்போது கான்பெராவில் அரசு வேலைக்கு ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், குடியிருக்க வீடு இல்லை, வீடு கட்டத் தச்சர்களும் இல்லை. ஏ.வி. ஜென்னிங்ஸ் என்ற கட்டுமான நிறுவனம் ஜெர்மனியிலேயே ஆள் தேடி 150 தச்சர்களை இரண்டு வருட ஒப்பந்தத்தில் வரவழைத்தது. ஊரில் அவர்களுக்கு ‘ஜென்னிங்ஸ் ஜெர்மன்கள்’ என்றே பெயர். போர் முடிந்து ஏழு வருடம்தான் ஆகியிருந்தது, எல்லாரும் சிரித்த முகத்தோடு வரவேற்றிருக்க மாட்டார்கள், ஆனால் ஓப்பா அதைப் பற்றி வாயே திறந்ததில்லை. மரத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேசுவார். அவர் ஊரில் வேலை பழகியது ஸ்ப்ரூஸ் மரத்தில், ஆணி தானாக இறங்கும். இங்கே யூகலிப்டஸ், நம்மூர்த் தைலமரத்தின் சாதி. காய்ந்துவிட்டால் ஆணிதான் வளையும், முதலில் துளை போட்டாக வேண்டும். முதல் வாரம் வளைத்த ஆணிகளை யாருக்கும் தெரியாமல் பையில் போட்டு எடுத்துப் போனாராம்! அப்புறம் அளவு. அவர் கொண்டு வந்த மடக்கு அளவுகோலில் சென்டிமீட்டர், இங்கே அடியும் அங்குலமும். எழுபதுகளில் ஆஸ்திரேலியாவே மீட்டருக்கு மாறியபோது, “இருபது வருஷம் காத்திருந்தேன், கடைசியில் நீங்களே என் வழிக்கு வந்துவிட்டீர்கள்” என்று சொல்லிச் சிரித்தாராம். இதை என் மாமனார் நூறு தடவையாவது சொல்லியிருப்பார்.

சரி, நன்றிக்கு வருகிறேன்.

ஓப்பாவின் பெட்டியில் அவர் அம்மா எழுதிய கடிதங்கள் ஒரு கட்டு இருந்தது. வீட்டில் ஜெர்மன் தெரிந்தவர்கள் மூன்று பேர், ஒருவருக்கும் ஒரு வரி ஓடவில்லை. அது பழைய கையெழுத்து முறை, 1941இல் நாஜி அரசு அதைப் பள்ளிகளில் நிறுத்திவிட்டது. பக்கத்துத் தெருவில் இருக்கும் தொண்ணூறு வயதுப் பாட்டி பூதக்கண்ணாடியோடு நான்கு மதியம் உட்கார்ந்து வாசித்துச் சொன்னார். பெரிய ரகசியம் எதுவும் இல்லை: பன்றி குட்டி போட்டது, உருளைக்கிழங்கு விலை, ‘உன் குளிர்கோட்டை விற்றுவிடட்டுமா, அங்கே தேவைப்படாதாமே’. கான்பெரா குளிர் தெரிந்தவர்களுக்கு இதைப் படித்தால் சிரிப்பு வரும். எனக்கு அன்றைக்கு அழுகைதான் வந்தது. பாட்டிக்கு நான் எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை.

ஓப்பா வந்து சேர்ந்த காலத்துத் தாள்களைத் தேசிய ஆவணக் காப்பகத்தில் பொறுமையாகத் தேடிக் கொடுத்த ஊழியர்களுக்கும் நன்றி. இருபத்திரண்டு வயதில் காது இரண்டும் விரிந்து நிற்கும் ஒரு பையன் போட்டோவில் முறைக்கிறான், அப்படியே என் மகன். ஓப்பாவிடம் தொழில் பழகி இப்போது தனக்கே எழுபது தாண்டிவிட்ட சிஷ்யர், சவப்பெட்டியைத் தன் கையாலேயே செய்து கொண்டு வந்தார். பணம் என்று வாயெடுத்ததும் கோபித்துக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டார், அவருக்கு இந்த வழியாகத்தான் சொல்ல முடிகிறது.

கான்பெராவின் ஓகானர் பகுதியில் ஓப்பா வேலை பார்த்த வீடு ஒன்றில் இப்போது குடியிருப்பவர்கள், முன்பின் தெரியாத எங்களை உள்ளே விட்டு, ஏணி போட்டு, கூரைக்கடியில் ஏறவும் விட்டார்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் கைமரங்களில் தச்சர் பென்சிலால் போட்ட எண்கள். ஒன்று என்ற எண்ணுக்கு மேலே நீளமாக ஒரு மூக்கு, ஏழுக்கு நடுவில் குறுக்குக் கோடு, ஜெர்மன்காரர்கள் போடுகிற மாதிரியே. ஓப்பாவே போட்டதா, கூட வந்த இன்னொருவரா, சொல்ல முடியாது. என் மாமனார் அந்த ஏழின் மேல் விரலை வைத்தபடி ரொம்ப நேரம் இறங்கவே இல்லை. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதற்கும் சேர்த்து நன்றி.

கடைசியாக நம் தமிழ்க் குடும்பங்களுக்கு. அடக்கம் முடிந்து காபியும் கேக்கும் வைப்பது ஜெர்மன்காரர்கள் வழக்கம். நீங்கள் கொண்டு வந்த எலுமிச்சைச் சாதம்தான் முதலில் தீர்ந்தது. மூடியில்லாத எவர்சில்வர் தூக்கு ஒன்றும் நீல மூடி போட்ட டப்பாக்கள் மூன்றும் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கின்றன, கழுவி வைத்திருக்கிறேன். யாருடையது என்று சொன்னால் சனிக்கிழமை கொண்டு வந்து தருகிறேன்.