பத்து அட்டை கேட்டவருக்கு ஏன் இரண்டு கொடுத்தோம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் ஏதோ புதுக் காய்ச்சல் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியது. அன்று சாயங்காலமே கடையில் கூட்டம். பாராசிட்டமால் பத்து அட்டை கொடு, முகக்கவசம் நாலு பெட்டி கொடு என்று கேட்டார்கள். ஆளுக்கு இரண்டு அட்டைக்கு மேல் தர முடியாது என்றோம். இருபது வருடமாக நம் கடைக்கு வரும் அண்ணாச்சி ஒருவர், "காசு கொடுத்துத்தானே கேக்கேன்" என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார். அவருக்கும், அன்று மனம் வருந்திய மற்றவர்களுக்கும்தான் இந்த மடல்.

ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்ற பெயர் உங்களுக்கு நினைவிருக்கலாம். முடக்குவாதத்துக்கும், உடலின் எதிர்ப்புசக்தியே உடலைத் தாக்கும் லூபஸ் நோய்க்கும் வருடக்கணக்கில் சாப்பிடும் மாத்திரை. நம் கடையில் மாதாமாதம் அதை வாங்குகிறவர்கள் ஏழெட்டுப் பேர். 2020 மார்ச்சில் அது கொரோனாவுக்குக் கேட்கும் என்று அமெரிக்க அதிபர் ட்ரம்ப் பேசினார். நாலே நாளில் எங்கள் அலமாரி காலி. தெரிந்த டாக்டரிடம் சீட்டு எழுதி வாங்கி வந்தார்கள், நாங்களும் எண்ணிக் கொடுத்தோம். மார்ச் 26 அன்று அரசு அதைக் கூடுதல் கட்டுப்பாடு உள்ள மருந்துகளின் எச்1 அட்டவணையில் சேர்த்து, பதிவேட்டில் எழுதித்தான் விற்க வேண்டும் என்றது. அதற்குள் போனது போனதுதான். ஏப்ரலில் ஒரு டீச்சரம்மா, விரல் மூட்டெல்லாம் வீங்கி, பையைப் பிடிக்க முடியாமல் வந்து நின்றார். ஒரு அட்டைகூட இல்லை. நோயில்லாத வீடுகளின் பீரோவில் அவருடைய மாத்திரை இருந்தது. விற்றது நாங்கள்.

அதே மாத்திரைக்காக நாடுகளும் முட்டிக்கொண்டன. மார்ச் 25 அன்று இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியது. ஏப்ரல் 4 அன்று இன்னும் இறுக்கியது. அனுப்பாவிட்டால் பதிலடி இருக்கலாம் என்று ஏப்ரல் 6 அன்று ட்ரம்ப் சொன்னார், மறுநாளே தடை தளர்ந்தது. சில மாதத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டு ஆய்வு, அந்த மாத்திரையால் கொரோனா நோயாளிக்குப் பயனில்லை என்று ஒதுக்கியது. அந்த ஆய்வுக்குப் பெயர் 'சாலிடாரிட்டி', அதாவது ஒருமைப்பாடு!

பாராசிட்டமாலுக்கும் ஒரு கதை உண்டு. அட்டையில் நம் ஊர்க் கம்பெனி பெயர் இருந்தாலும், மூலப்பொருளுக்கு நாம் சீனாவைப் பெரிதும் நம்பியிருந்த காலம் அது. அங்கே ஹூபேயில் ஆலைகள் மூடியதும், 2020 மார்ச் 3 அன்று 26 மூலப்பொருட்களுக்கும் அவற்றில் செய்த மருந்துகளுக்கும் இந்தியா ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டது. அதே வாரம் ஜெர்மனியும் பிரான்சும் முகக்கவசத்தை வெளியே விடாமல் பிடித்துக்கொண்டன, பக்கத்தில் இத்தாலி தவித்துக்கொண்டிருந்தபோதே. ஐரோப்பாவின் ஏழை நாடுகளில் ஒன்றான அல்பேனியாதான் மார்ச் கடைசியில் முப்பது டாக்டர், நர்ஸுகளை இத்தாலிக்கு அனுப்பியது. ஏப்ரல் 16 அன்று ஐரோப்பிய ஆணையத் தலைவர் உர்சுலா ஃபான் டெர் லெயன் இத்தாலியிடம் மன்னிப்புக் கேட்டார்.

ஆனால் எங்களை அதிகம் யோசிக்க வைத்தது பங்களாதேஷ் விவகாரம். இந்தியாவில் தயாரான கோவிஷீல்டு கொரோனா தடுப்பூசி மூன்று கோடி டோஸ், மாதம் 50 லட்சம் வீதம் என்று ஒப்பந்தம் போட்டு, முன்பணமும் கட்டியிருந்தார்கள். 2021 ஜனவரியில் 50 லட்சம் போனது, பிப்ரவரியில் 20 லட்சம். அதோடு நின்றது. இங்கே இரண்டாம் அலை. மே மாதம் ஒரே நாளில் நாலு லட்சம் பேருக்குத் தொற்று. நம் வீட்டிலேயே சாவு விழும்போது அடுத்த வீட்டுக்கு எப்படி அனுப்புவது? அனுப்பாததைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. ஆனால் தடை என்று யாரும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. உள்நாட்டுத் தேவைக்கே முதலிடம் என்றார்கள். அடுத்த சரக்கு என்றைக்கு வரும் என்பது டாக்காவுக்குத் தெரியவில்லை. ஏப்ரல் 26 அன்று அவர்கள் முதல் ஊசி போடுவதையே நிறுத்தினார்கள். முதல் ஊசி போட்ட லட்சக்கணக்கானவர்கள் இரண்டாவதுக்குக் காத்து நின்றார்கள். மே 12 அன்று சீனாவிலிருந்து ஐந்து லட்சம் ஊசி அன்பளிப்பாக அங்கே போய் இறங்கியது. கடைக்காரனுக்கு இது புரியும். 'சரக்கு இல்லை' என்றால் வாடிக்கையாளர் பொறுப்பார். பணத்தை வாங்கிவிட்டு 'பார்க்கலாம்' என்றால் எதிர்க்கடைக்குப் போவார்.

அந்த மே மாதத்திலேயே பங்களாதேஷ் நமக்குப் கொரோனா நோயாளிகளுக்குப் போடும் ரெம்டெசிவிர் மருந்து பத்தாயிரம் குப்பி அனுப்பியது. பூட்டானிலும் மார்ச் கடைசியில் முதல் ஊசி போட்டுவிட்டு இரண்டாவதுக்குக் காத்திருந்தார்கள். அந்த நாடு தன் சாம்த்ரூப் ஜோங்காரில் எழுந்த புது ஆலையிலிருந்து அசாமுக்குத் தினம் 40 டன் திரவ ஆக்சிஜன் தருகிறோம் என்று முன்வந்தது. கென்யா தேயிலை, காபி, நிலக்கடலை என்று 12 டன் அனுப்பியது. அதைக் கிண்டல் செய்தவர்களும் இங்கே இருந்தார்கள். தன் வயலில் விளைந்ததைக் கொடுத்தவரைப் பார்த்துச் சிரிக்க எப்படித்தான் மனசு வந்ததோ.

இதெல்லாம் நடந்தபின், 2025 மே 20 அன்று உலக சுகாதாரப் பேரவையில் பெருந்தொற்று ஒப்பந்தம் ஒன்று நிறைவேறியது. பெருந்தொற்று வந்தால், அதில் சேரும் மருந்துக் கம்பெனிகள் தங்கள் உற்பத்தியில் 20 சதவீதம் உலக சுகாதார நிறுவனத்துக்கு ஒதுக்குவது இலக்கு, அதில் பாதியாவது இலவசம். அதைச் செயல்படுத்தும் பின்னிணைப்பு மட்டும் அன்று எழுதி முடிந்திருக்கவில்லை. இருந்தாலும் தட்டுப்பாடு வரும் முன்பே பங்கை எழுதி வைப்பது எங்களுக்குப் பிடித்திருக்கிறது.

அதனால் நாங்களும் எழுதி வைத்துவிட்டோம். சர்க்கரை, பிரஷர், தைராய்டு, வலிப்பு, முடக்குவாதம் என்று மாதாமாதம் வாங்குகிறவர்களின் ஒரு மாத மாத்திரை, பெயர் எழுதிய டப்பாவில் தனியாக இருக்கும். யார் வந்து கேட்டாலும் அதைத் தொட மாட்டோம். மிச்சத்தைத்தான் ஆளுக்கு இரண்டு அட்டை என்று தருவோம். எங்கள் சொந்தக்காரர்களுக்கும் இதே கணக்கு. பக்கத்துத் தெரு மருந்துக்கடையும் நாங்களும் அவசரத்துக்குச் சரக்கு மாற்றிக்கொள்வதாகப் பேசியிருக்கிறோம். (போட்டிக் கடைதான், என்ன செய்ய!) கையில் இல்லாத மருந்துக்கு முன்பணம் வாங்க மாட்டோம். ஸ்டாக்கிஸ்ட் சொல்லும் தேதியை வாசல் பலகையில் எழுதிப் போடுவோம். தேதி தள்ளிப்போனால் அதையும் எழுதுவோம்.

அண்ணாச்சி, உங்கள் சர்க்கரை மாத்திரை இந்த மாதத்துக்கு எடுத்து வைத்திருக்கிறது. மேல்தட்டில், இடமிருந்து மூன்றாவது டப்பா. பையன் இரவு ஒன்பதரை வரை கடையில் இருப்பான்.

இப்படிக்கு,
பழைய பஸ் ஸ்டாண்ட் எதிரில் உள்ள உங்கள் மருந்துக்கடை