தவணை கேட்டு வந்தவனுக்குத் தண்ணீர் கொடுத்தவர்களுக்கு

வணக்கம்.

திருப்பூர் 15 வேலம்பாளையத்தில் தையல் மிஷின் சர்வீஸ் கடை போட்டு, வாடகையும் வீட்டுச் செலவும் இப்போது அதிலேயே வருகிறது. இதற்குக் காரணமானவர்களிடம் நேரில் நன்றி சொன்னால் "அட விடுங்க தம்பி" என்று பேச்சை மாற்றிவிடுகிறார்கள். அதனால் எழுதுகிறேன். பெயர் போட்டால் திட்டு விழும், போடவில்லை.

முன்பு ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் வசூல் வேலை. கடன் வாங்கியவர்களைக் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ல் சொன்னது. வசூலுக்குப் போகிறவனை எப்போது கூப்பிடலாம் என்று யாரும் சொல்லவில்லை. விடிவதற்குள் குரூப்பில் டார்கெட் வந்து விழும். ராத்திரி சோற்றில் கை வைத்தால் "இன்னைக்கு எத்தனை?" என்று போன். கடைசியில் பைக்கை ஸ்டார்ட் பண்ணவே கை வராது. பிள்ளை பேசினாலும் எரிச்சல்.

முதல் நன்றி, தவணை கேட்டு நான் போய் நின்ற வீட்டு அக்காவுக்கு. பனியன் கம்பெனியில் துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மிஷின் டெய்லர். பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு ஒரு சொம்புத் தண்ணியும் கொடுத்து, "ஏன் கண்ணு, மூஞ்சி இப்படி வாடிக் கிடக்குது? மிஷின் மெக்கானிக்குக்கு ஆளே கிடைக்கிறதில்லை, போய்க் கத்துக்கோ" என்றார். என்னைப் பார்த்தாலே கதவைச் சாத்தியிருக்க வேண்டியவர்.

தூக்கம் கெட்டபோது பார்த்த டாக்டரம்மாவுக்கு அடுத்தது. இதற்குப் பெயர் 'பர்ன் அவுட்', அதாவது வேலையால் வரும் ஓய்ந்துபோன நிலை, உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இதைத் தன் நோய் வகைப் பட்டியலில் சேர்த்தபோதே நோய் என்று சொல்லவில்லை, தீராத வேலை அழுத்தத்தால் வருவது என்றுதான் சொன்னது என்று விளக்கினார். எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்ற பயம் அன்றைக்கே போனது.

அப்புறம் பனியன் கம்பெனி மிஷின் மெக்கானிக் அண்ணன். முப்பது தாண்டியவனைச் சின்னப் பையன்களோடு உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்தார், ஒரு நாளும் வயசைச் சொல்லிக் காட்டியதில்லை. தையல் விட்டு விட்டு விழுகிறதா, உடனே ஸ்பேனரைத் தூக்காதே என்பார். முதலில் புது ஊசி, அடுத்து நூல் போகும் வழி, அதற்கும் சரியாகவில்லை என்றால்தான் லூப்பர், அதாவது ஊசி நூலோடு இன்னொரு நூலைப் பின்னிக் கொடுக்கும் கொக்கி. பனியன் துணிக்கு முனை உருண்ட ஊசி. கூர் ஊசி போட்டால் இழையை அறுத்து ஓட்டை விழும்.

லூப்பரை ஊசிக்குச் சரியாக வைப்பதுதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, வீலைக் கையால் மெதுவாகச் சுற்றி, லூப்பர் முனை ஊசியை உரசியும் உரசாமலும் போகிற இடத்தில் ஸ்க்ரூவை முடுக்க வேண்டும். முடுக்கும்போது நகர்ந்துவிடும். மறுபடி முதலிலிருந்து. அண்ணன் கை வைத்தால் ஐந்து நிமிஷ வேலை, வைக்க மாட்டார். லைன் நின்றுபோய் சூப்பர்வைசர் கத்துவார். "பையன் பாத்துட்டு இருக்கான்ல, இருங்க" என்று டீயைக் குடிப்பார். எனக்கு விழ வேண்டிய திட்டெல்லாம் அவருக்குத்தான் விழுந்தது. "தைரியமா இரு, எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று சொன்னவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கும் நன்றி, ஆனால் அது இதற்கு ஈடாகாது.

வருமானம் படுத்த மாதங்களில் பிசிறு வெட்டும் வேலையை வீட்டுக்கே எடுத்து வந்து செய்தாள் என் மனைவி. திரும்ப வசூலுக்குப் போனால் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்றும் மிரட்டி வைத்திருந்தாள். மாவட்டத் தொழில் மையத்தில், வேலையில்லாத இளைஞர்கள் தொழில் தொடங்குவதற்கான யு.ஒய்.இ.ஜி.பி. திட்டத்தில் கடன் கேட்டபோது, 25 சதவீத மானியம் உண்டு என்று சொல்லி, என் கொட்டேஷனில் இருந்த தப்பைப் பொறுமையாகத் திருத்திக் கொடுத்த ஊழியருக்கும் நன்றி.

அக்கா, உங்கள் தவணை முடிந்துவிட்டது, சொந்தமாக மிஷின் வாங்கப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். பழைய மிஷின் என்றால் பணம் கொடுக்கும் முன் கூப்பிடுங்கள், வந்து பார்த்துச் சொல்கிறேன். சர்வீஸுக்குக் காசு வேண்டாம். ஊசிக்கு மட்டும் வாங்கிக்கொள்வேன், கடை நடக்க வேண்டுமில்லையா?