குறை சொன்னவர்களுக்கும் அதைக் கேட்டுக்கொண்டவர்களுக்கும் எங்கள் நன்றி

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதர சகோதரிகளுக்கும், எங்களுக்குத் தோள் கொடுத்த அயலவர்களுக்கும்,

எங்கள் சபையின் லெந்துகால (தவக்கால) மாலைக் கூட்டங்கள் கர்த்தருடைய கிருபையால் நல்லபடி நிறைவடைந்தன. விசுவாச வாழ்க்கையில் ஒருவர் நம்மைக் கண்டித்துத் திருத்தும்போது அதை எப்படி ஏற்பது என்பதே இம்முறை நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள். இதைக் குழுவில் முன்மொழிந்தபோது, ஆட்கள் வரமாட்டார்கள் என்று சிலர் சொன்னார்கள். அவர்கள் அப்படி நினைத்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. நாலு பேர் முன்னால் மரியாதை கெட்டுப்போவதைவிடப் பெரிய நட்டம் இல்லையென்று சொல்லித்தான் யாழ்ப்பாணத்தில் பிள்ளைகளை வளர்க்கிறோம். ஆனால் மண்டபத்து வாங்குகள் போதாமல், அயல் வீடுகளிலிருந்து கதிரைகள் எடுத்துவர வேண்டியிருந்தது. கதிரை தந்தவர்களில் சைவக் குடும்பத்தினரும் இருந்தார்கள் என்பதை நன்றியோடு குறிப்பிடுகிறோம்.

வேதபாடங்களை நடத்தித் தந்தவர் மெதடிஸ்த திருச்சபையின் ஓய்வுபெற்ற குருவானவர் ஒருவர். தம்முடைய பெயரை எழுத வேண்டாமென்று கேட்டுக்கொண்டபடியால் எழுதவில்லை. தாவீதையும் சவுலையும் அருகருகே வைத்து அவர் பேசிய மாலையைப் பற்றி இன்னமும் வீடுகளில் கதைக்கிறார்கள். இருவரும் அரசர்கள், இருவரும் தீர்க்கதரிசியின் வாயால் கண்டிக்கப்பட்டவர்கள், இருவருமே ‘பாவஞ்செய்தேன்’ என்று சொன்னவர்கள். எதிரிகளின் ஆடுமாடுகளையும் அழிக்கச் சொன்ன கர்த்தருடைய கட்டளையை மீறிய சவுலோ, முதலில் அவற்றைத் தப்பவிட்டது சனங்கள்தான் என்று சாட்டுச் சொன்னான். பிறகு பாவத்தை ஒத்துக்கொண்ட அதே மூச்சில், மூப்பருக்கு முன்பாகத் தன்னைக் கனம்பண்ண வேண்டுமென்று தீர்க்கதரிசி சாமுவேலிடம் கேட்டான். தாவீதோ பிறன் மனைவியான பத்சேபாளை எடுத்துக்கொண்டு, அவள் கணவனையும் கொல்லவைத்தவன். ஆனால் தீர்க்கதரிசி நாத்தான் ‘நீயே அந்த மனுஷன்’ என்றபோது, அவன் அரச பதவியைக் காட்டவும் இல்லை, பழியைப் பத்சேபாளின் தலையில் போடவும் இல்லை. அதற்காக அவனுக்கு எல்லாம் சுமுகமாகிவிடவில்லை என்பதையும் ஐயா மறைக்காமல் சொன்னார்: மன்னிப்புக் கிடைத்தது, ஆனால் பட்டயம், அதாவது வாள், அவன் வீட்டைவிட்டு விலகவில்லை. தாழ்மையைக் காட்டினால் விளைவுகளிலிருந்து தப்பிவிடலாம் என்று கணக்குப் பார்ப்பவர்களுக்கு இது கசப்பான பாடந்தான்.

தம் சபையின் வரலாற்றிலிருந்தும் அவர் ஒன்றை எடுத்துச் சொன்னார். மெதடிஸ்த இயக்கத்துக்கு அடித்தளமிட்ட ஜோன் வெஸ்லி 1738இல் தொடங்கிய சிறு குழுக்களுக்கான விதிகளில், சேர வருபவரிடம் கேட்கவேண்டிய கேள்விகள் இருந்தன. உம்முடைய குற்றங்களை உமக்கு ஒளிவுமறைவின்றிச் சொல்வதை நீர் விரும்புகிறீரா என்பது அவற்றுள் ஒன்று. வெஸ்லியின் வழிவந்த மிஷனரிமார் 1814இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த பாட்டுகளையும் பள்ளிக்கூடங்களையும் நாம் பத்திரமாக வைத்திருக்கிறோம், அந்தக் கேள்வியை மட்டும் கைவிட்டுவிட்டோம் என்று ஐயா சொன்னபோது, மண்டபத்தில் சிரிப்பும் எழுந்தது, சிலர் குனிந்தும் கொண்டார்கள்.

வட்டுக்கோட்டையிலிருந்து வந்து பெண்களுக்கான கூட்டங்களை நடத்திய ஓய்வுபெற்ற ஆசிரியை அம்மாவுக்கு நாங்கள் பட்டிருக்கும் கடன் வேறுவகையானது. கண்டிக்கிறவரும் பிழைவிடலாம் என்பதை அவர் எங்களை மறக்கவிடவில்லை. சீலோவில் மனங்கசந்து வேண்டிக்கொண்டிருந்த அன்னாளை ஆசாரியனாகிய ஏலி குடித்து வெறித்தவள் என்று நினைத்துக் கண்டித்தான். அவள் சீறவில்லை, ஆனால் பேசாமல் தலையாட்டிக்கொண்டு போகவும் இல்லை. அப்படியல்ல என்று மரியாதையோடு மறுத்துத் தன் துயரத்தைச் சொன்னாள். ஏலியும் தன் எண்ணத்தை மாற்றி அவளை ஆசீர்வதித்து அனுப்பினான். தாழ்மை என்று சொல்லி எளியவர்களின் வாயை அடைப்பதும், பொறுப்பில் இருப்பவர்களின் பிழைகளை மூடிவைப்பதும் வேதத்துக்கு விரோதம் என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தைக் காட்டி அவர் பேசியதை, சபைத் தலைவர்களும் இருந்து கேட்டார்கள். அவர்கள் எழுந்துபோகாததற்காகவும் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

எல்லாரையும்விட அதிகமாக எங்கள் நன்றிக்கு உரியவர், பாடகர் குழுவை நெடுங்காலமாக நடத்திவரும் பெரியவர். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறோம். சுருதி பிசகும் பிள்ளைகளை அவர் ஒலிவாங்கிக்கு முன்னால் வைத்துக் கண்டிப்பதாகவும், அதனால் ஒரு பிள்ளை கோயிலுக்கு வரவே மறுப்பதாகவும், குழுவிலுள்ள இளம்பெண் ஒருவர் பயிற்சி முடிந்த பிறகு அவரிடம் தனியாகச் சொன்னார். நீயும் அவனும் தனித்திருக்கையில் என்று மத்தேயு பதினெட்டாம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்னபடியே, ஒருவருக்கும் கதை போகாமல் சொன்னார். பெரியவர் கண்ணாடியைக் கழற்றிச் சால்வைத் தலைப்பால் துடைத்தபடி கொஞ்சநேரம் பேசாமல் இருந்தாராம். எங்கள் ஊரில் இப்படி ஒரு கதை காதில் விழுந்தால் முதலில் வரும் கேள்வி ‘ஆர் சொன்னது?’ என்பதுதான். அவர் அதைக் கேட்கவில்லை. ‘பிள்ளை இப்ப வீட்டில நிக்குதோ?’ என்று மட்டும் கேட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய், தாய் தகப்பனுக்கு முன்னால் அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டார். சொன்ன தங்கைக்கு இருந்த துணிவு பெரியது. கேட்டவருக்கு இருந்த துணிவு அதிலும் பெரியது என்பது எங்கள் எண்ணம். எபேசுவில் கணவன் மனைவியான ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும், சொல்வன்மை மிக்க பிரசங்கியான அப்பொல்லோவைத் தங்களிடம் அழைத்துத் தேவனுடைய மார்க்கத்தை அதிகத் திட்டமாக விளக்கியதை நாங்கள் வாசித்தது அதற்கு அடுத்த கூட்டத்தில்தான். விளக்கவுரைக்கு அன்று அதிக வேலை இருக்கவில்லை.

மாலைதோறும் கஞ்சி காய்ச்சித் தந்த தாய்மார் சங்கத்துக்கும், ஒலிபெருக்கியைக் கூலி வாங்காமல் பூட்டித் தந்த தம்பிக்கும், வயோதிபர்களை ஓட்டோவில் ஏற்றி இறக்கிய வாலிபர்களுக்கும், கனடாவில் காலை வேலைக்குப் போகும் வழியில் சூம் ஊடாக இணைந்துகொண்ட உறவுகளுக்கும் எங்கள் உளமார்ந்த நன்றி. செபக்குறிப்பு என்ற பெயரில் அடுத்த வீட்டுக் குறைகளைச் சபை நடுவே கொண்டுவர வேண்டாமென்று நாங்கள் கேட்டுக்கொண்டதை மதித்து நடந்த அனைவருக்கும் தனியாக ஒரு நன்றி. இது கஞ்சி காய்ச்சுவதைவிடக் கடினமான உதவி என்பது எங்களுக்குத் தெரியும்.

கூட்டங்களின் பயனாக, மூன்று நான்கு பேர் கொண்ட சிறு குழுக்கள், ஆண்களுக்கும் பெண்களுக்கும் வெவ்வேறாகத் தொடங்கப்பட்டுள்ளன. அவற்றில் பேசப்படுவது வெளியே போகாது என்று ஒவ்வொருவரும் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். சேர விரும்புகிறவர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகர் ஐயாவுடன் பேசலாம்.

இங்ஙனம்,
லெந்துகால வேதபாடக் குழுவின் சார்பில்,
செயலாளர்,
யாழ்ப்பாணம்.