மூன்று நாள் கணக்கு கிராமத்துக்குப் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பேரிடர் முன்னேற்பாடு குறித்து வெளியாகும் அறிவுரைகளில், மூன்று நாளுக்குத் தேவையான குடிநீரையும் உணவையும் வீட்டில் இருப்பு வைத்துக்கொள்ளச் சொல்லும் வரி ஏறக்குறைய எப்போதும் இடம்பெறுகிறது. வீடுகள் நெருங்கி அமைந்த நகரத்துக்கு அந்தக் கணக்கு ஒருவேளை பொருந்தலாம். ஒரே சாலையையும், ஒரே பாலத்தையும், தொலைவிலிருந்து வரும் ஒற்றை மின்தடத்தையும் நம்பியிருக்கும் கிராமப்புறக் குடும்பத்துக்கு அது போதாது என்பதும், அங்கே இருப்பை இரண்டு வாரக் கணக்கில் வைக்கச் சொல்வதே முறை என்பதும் என் கருத்து.

மின்தடத்தைச் சீரமைக்க வரும் குழுவினர், ஒரு கம்பத்தை நிமிர்த்தினால் ஆயிரம் வீட்டில் விளக்கெரியும் இடத்துக்குத்தான் முதலில் போவார்கள்; பத்துக் கம்பம் நட்டால் நான்கு வீட்டுக்கு மட்டும் வெளிச்சம் கிடைக்கும் இடம் பட்டியலின் கடைசிக்குத்தான் வரும். அதில் அவர்களைக் குறைசொல்ல முடியாது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்த பிறகு, காவிரி டெல்டாவின் உட்கிராமங்கள் பல வாரக்கணக்கில் இருளில் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2024 செப்டம்பர் இறுதியில் ஹெலீன் சூறாவளி கொண்டுவந்த மழை, அமெரிக்காவின் வட கரோலினா மாநில மலைப்பகுதியைச் சிதைத்தபோது, ஆஷ்வில் நகரக் குழாய்களிலேயே நேரடியாகக் குடிக்கத்தக்க நீர் திரும்ப நவம்பர் 18 ஆயிற்று. நகரத்துக்கே அந்த நிலை என்றால், சாலை அறுந்துபோன மலைக்கிராமங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அங்கே சொந்தக் கிணறு வைத்திருந்தவர்களும் தண்ணீருக்குத் தவித்தார்கள் என்பதுதான் நாம் நின்று யோசிக்க வேண்டிய இடம். 'கிணறு இருக்கும்போது தண்ணீருக்கு என்ன குறை' என்ற நினைப்பைப்போல் கிராமத்து வீட்டை ஏமாற்றுவது வேறொன்றுமில்லை. கப்பியும் கயிறும் வாளியும் இருந்த காலத்தில் அது உண்மை. ஆழ்துளைக் கிணற்றுக்குள் நூற்றுக்கணக்கான அடி ஆழத்தில் மோட்டாரை இறக்கிவிட்ட பிறகு, மின்சாரம் நின்ற நிமிடத்திலிருந்து அது தரையில் நீட்டிக்கொண்டிருக்கும் வெறும் குழாய்தான். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்று சிக்கனமாகக் கணக்கிட்டாலும், நான்கு பேருள்ள வீட்டுக்குப் பதினான்கு நாளில் 224 லிட்டர் ஆகிறது. மூடியுள்ள 200 லிட்டர் டிரம் ஒன்றும் இரண்டு குடமும் இருந்தால் அது தீர்ந்தது. பெருஞ்செலவு பிடிக்கும் காரியமல்ல. ஆனால், பால் கறக்கும் மாடு ஒன்றே நாளுக்கு 50 லிட்டருக்கு மேல் குடிக்கும் என்பதால், கால்நடை உள்ள வீடுகள் தொட்டியை நிரப்பிவைப்பதோடு, பக்கத்து வீட்டு ஜெனரேட்டரை இரண்டு மணி நேரம் இரவல் வாங்கும் ஏற்பாட்டையும் முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும்.

வெள்ளம் புகுந்த கிணறு வேறொரு சிக்கல். நீர் வடிந்து, பார்வைக்குத் தெளிந்துவிட்டது என்பதற்காக அதைக் குடிக்கலாகாது. குளோரின் கலந்து சுத்திகரித்து, பரிசோதித்து அறியும்வரை, அந்நீரைச் சமையலுக்கும் எடுக்காமல் இருப்பதே நல்லது. வேறு வழியின்றி வேறொரு நீரை எடுக்க நேர்ந்தால், கொதி வந்த பின் குறைந்தது ஒரு நிமிடம் கொதிக்கவிட வேண்டும். அடுப்பு எரிக்க வழியில்லாவிட்டால், சோடியம் ஹைப்போகுளோரைட் 5 முதல் 6 விழுக்காடு உள்ள, மணம் சேர்க்காத ப்ளீச் திரவத்தைத் தெளிந்த நீரில் லிட்டருக்கு இரண்டு சொட்டு விட்டு அரை மணி நேரம் வைத்திருக்க வேண்டும்.

ஜெனரேட்டரைப் பற்றியும் ஒரு சொல். மழைக்குப் பயந்து அதைத் திண்ணையிலோ மாட்டுக்கொட்டகையிலோ வைத்து ஓட்டுகிறவர்கள், புயலுக்குத் தப்பிக் கார்பன் மோனாக்சைடுக்குப் பலியாகிறார்கள். அந்த வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கதவு, சன்னல்களிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளித் திறந்த வெளியில்தான் அது ஓட வேண்டும். அதுபோலவே, வெள்ளம் வரும் இரவில் மாடுகளின் கயிற்றை அவிழ்த்துவிடுவது ஒரு நிமிட வேலை. அவிழ்க்காமல் விட்டுப்போனால், நீந்தத் தெரிந்த விலங்கு முளையிலேயே மூழ்கிச் சாகும்.

கிராமத்துக்குப் பாதகமானவற்றையே இதுவரை சொன்னேன். நகரத்துக்கு வாய்க்காத ஒரு சாதகமும் அதற்கு உண்டு. 1995 ஜனவரி 17 அன்று ஜப்பானின் கோபே வட்டாரத்தில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது, அவாஜி தீவிலிருந்த ஹோகுதான் என்ற சிற்றூரில் இடிபாடுகளுக்குள் சிக்கியவர்களைத் தேடும் பணி அன்று மாலைக்குள்ளேயே முடிந்துவிட்டது. எந்த வீட்டில் யார் எந்த அறையில் படுப்பார் என்பது அவ்வூர்த் தன்னார்வத் தீயணைப்பாளர்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்ததே அதற்குக் காரணம். நம் கிராமங்களுக்கும் அந்த அறிவு உண்டு. ஆனால் இளையவர்கள் வேலைக்கு வெளியூர் போய், முதியவர்கள் தனித்திருக்கும் வீடுகள் பெருகியதால் அது கரைந்துகொண்டிருக்கிறது. யாருக்கு ஆக்சிஜன் கருவி தேவை, யார் இன்சுலின் போட்டுக்கொள்கிறார், யாரால் தாமாக எழுந்து நடக்க முடியாது என்பதைத் தெருவுக்கு இருவராவது அறிந்து, காகிதத்தில் எழுதிவைத்திருக்க வேண்டும். கைபேசிக் கோபுரத்தின் பேட்டரி சில மணி நேரத்தில் இறங்கிவிடும் என்பதால் காகிதம் என்று அழுத்திச் சொல்கிறேன். அதே காரணத்தால் பேட்டரியில் இயங்கும் சிறு வானொலியும் ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும்.

எனவே, அறிவிப்புகளை எழுதும் அதிகாரிகள் கிராமப்புறங்களுக்கென்று தனிப் பதிப்பு வெளியிட்டு, அதில் 'மூன்று நாள்' என்பதை 'இரண்டு வாரம்' என்று திருத்த வேண்டுகிறேன். தங்கள் நாளிதழும் பருவம் தொடங்கும் முன்னரே, கத்தரித்துச் சமையலறைக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவைக்கத் தோதாக, தண்ணீர்க் கணக்கும் ப்ளீச் அளவும் அண்டை வீட்டார் பெயர்களை எழுதக் காலியிடமும் கொண்ட அரைப்பக்கத்தை ஆண்டுதோறும் அச்சிட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்