தோல் சீட்டைப் பற்றி நீ கேட்டது

குப்பம் (ஆந்திரா),
ஆடி வெள்ளி, இரவு

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. உடனே பதில் எழுத முடியாமல் போனதற்குக் காரணம் மருமகளின் பிரசவம். பெண் குழந்தை பிறந்திருக்கிறாள். தாயும் பிள்ளையும் நலம். வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை, ஆனாலும் யாருக்கும் அலுப்பும் இல்லை. தங்கச்சியின் முட்டிவலி இப்போது எப்படி இருக்கிறது? பாலக்காட்டில் மழை விடாமல் பெய்கிறது என்று எழுதியிருந்தாய். இங்கே தூறலோடு சரி. மே மாதம் கங்கம்மா ஜாத்திரை முடிந்த கையோடு இரண்டு நல்ல மழை பெய்தது, அதோடு நின்றுவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பையன் எட்டு வருஷம் ஓடிய கார் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறான், உள்ளே பழுப்பு நிறத் தோல் சீட், ஓட்டுகிறவர் சீட்டில் மட்டும் ஓரமாக வெடிப்பு, சீட் இன்னும் எத்தனை நாள் தாங்கும், வண்டியையே விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தாய். விட வேண்டாம். முதலில் வெடித்திருப்பது தோலா, தோலின் மேலிருக்கும் பூச்சா என்று பார்க்கச் சொல். நாற்பது வருஷமாகக் குஷன் கடை வைத்திருக்கிறேன். தோல் சீட் போய்விட்டது என்று என்னிடம் வந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் தோல் போகவில்லை. போனது பூச்சுதான்.

பள்ளிக்கூட விடுமுறையில் வாணியம்பாடியில் தோல் பதனிடும் ஷாப்பில் நாம் இரண்டு பேரும் வேலை பார்த்தோமே, நினைவிருக்கிறதா? குரோம் உப்புப் போட்டுப் பதம் செய்த தோல் டிரம்மிலிருந்து வெளியே சரியும்போது ஈரமும் நீலமுமாக இருக்கும். வெட் ப்ளூ என்பார்கள். நீ அதைத் தொட மாட்டாய், நாற்றம் கையிலேயே நிற்கிறது என்பாய். அந்த நீலத் தோலுக்கு மறுபடி பதம் கொடுத்து, சாயம் ஏற்றி, எண்ணெய் ஊட்டி, உலர்த்தி, டிரம்மில் போட்டு உருட்டி மெதுவாக்குவார்கள். கடைசியில்தான் மேல் பூச்சு. கார் சீட்டுக்குப் போகும் தோலில் இந்தப் பூச்சு கட்டாயம். முதலில் நிறப் பூச்சு, அதற்கு மேல் கண்ணுக்குத் தெரியாத, பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் படலம். நாம் உட்காருவதும் உரசுவதும் வியர்ப்பதும் எல்லாம் அந்தப் படலத்தின் மேல்தான். தோல் அதற்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. தோலின் கனமே ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடத்தான், பூச்சு அதில் ஒரு சிறு பங்குகூட வராது. அவ்வளவு மெல்லிய படலம் எட்டு வருஷம் தாக்குப்பிடித்திருக்கிறது என்றால் அந்த வண்டியை யாரோ பொறுப்பாகத்தான் வைத்திருந்திருக்கிறார்கள்.

வெடிப்பு எந்த இடத்தில் என்று நீ எழுதவில்லை. அநேகமாக வலது விளிம்பாக இருக்கும். நம் ஊர் வண்டிகளில் ஓட்டுகிறவர் வலது கதவு வழியாக ஏறி இறங்குகிறார். ஏறும்போதும் இறங்கும்போதும் தொடையும் இடுப்பும் அந்த மேடான ஓரத்தில் தேய்ந்துகொண்டுதான் போகும். ஒரு நாளைக்கு ஆறு தடவை என்று வைத்தாலும் எட்டு வருஷத்துக்குக் கணக்குப் போட்டுப் பார். ஜீன்ஸின் தடித்த தையல், பின்பாக்கெட்டில் இருக்கும் சாவி எல்லாம் அங்கேதான் படும். பின் சீட்டைப் பார்த்தாயானால் அதே தோல், அதே வயசு, புதுசு போல இருக்கும்.

போன மாதம் வி.கோட்டா பக்கத்திலிருந்து ஒருவர் இதே மாதிரி ஒரு வண்டியைக் கொண்டுவந்தார். தெலுங்குக்காரர். சீட்டைத் தட்டிக் காட்டி, "அசல் தோலேனா?" என்று கேட்டார். தெலுங்கிலும் அது தோலுதான், அந்த ஒரு சொல்லுக்கு எல்லை கிடையாது. யாரோ அவரிடம் இது ரெக்சின்தான், செயற்கைத் தோல், கிழித்துவிட்டுப் புதுசு போடு என்று சொல்லியிருக்கிறார்கள். நான் சீட்டைக் கழற்றி அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். மடித்துத் தைத்த ஓரத்தில் தோலின் பின்புறம் நார்நாராக, மெத்தென்று இருந்தது. ரெக்சினாக இருந்தால் அந்த இடத்தில் நெய்த துணி தெரியும். இன்னொன்று, உட்காரும் பரப்பில் விரலை அழுத்தினால் விரலைச் சுற்றிச் சின்னச் சின்னச் சுருக்கம் விரிந்து ஓடும், விரலை எடுத்ததும் மறையும். நம் கைத் தோல் செய்வதையே அதுவும் செய்யும். ஆனால் பக்கவாட்டிலும் முதுகுப்புறத்திலும் ரெக்சின்தான் இருந்தது. தோல் சீட் என்று விற்கும் வண்டிகள் பலவற்றில் உடம்பு படும் இடம் மட்டும்தான் தோல். உன் பையனிடம் இதையும் பார்த்துக்கொள்ளச் சொல். வயசாக ஆக இரண்டும் வேறு வேறு நிறத்துக்குப் போகும்.

அந்தச் சீட்டின் வெடிப்பை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். குதிகாலில் பித்த வெடிப்பு வருமே, அச்சாக அதே மாதிரி. மேலே பழுப்பு, கோட்டுக்குள் அழுக்கின் கறுப்பு, அழுக்கைத் துடைத்து எடுத்த பிறகு அடியில் வெளிர் நார். நார் அறுந்திருந்தால் அந்தத் துண்டை மாற்றத்தான் வேண்டும். இதில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஒரு சுண்டுவிரல் நீளத்துக்கு அறுந்திருந்தது. மற்றதெல்லாம் பூச்சோடு நின்றுவிட்டது. இளம் சோப்புத் தண்ணீரால் சுத்தம் செய்து, காயவிட்டு, வெடிப்பில் நிரப்பும் பசையை மெல்லியதாக இரண்டு மூன்று தடவை கொடுத்து, 600 நம்பர் உப்புத்தாளால் தேய்த்தேன். பிறகு நிறம் கலந்து அடித்து மேல் பூச்சு கொடுத்தேன். நிறம் கலக்கத்தான் அரை நாள் ஆனது. பழைய சீட்டின் பழுப்பு டப்பாவில் வரும் பழுப்பு இல்லையே, எட்டு வருஷ வெயில் கலந்த பழுப்பு. அறுந்த துண்டை மட்டும் பிரித்துப் புதுத் தோல் வைத்துத் தைத்தேன். வண்டியை எடுத்துப் போனவர் மறுநாள் போன் போட்டு, எந்தப் பக்கம் மாற்றினீர்கள் என்று கேட்டார். இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்த கேள்வி அதுதான்.

நல்ல தோல் எத்தனை வருஷம் வரும் என்று நேராகவே கேட்டிருந்தாய். கவனித்து வைத்தால் வண்டியின் ஆயுசுக்கும் வரும், இருபது வருஷமானாலும் தையல் விடாத சீட்டுகளை நான் பிரித்திருக்கிறேன். இடையில் ஒரு தடவை பூச்சு அடிக்க வேண்டி வரலாம், அவ்வளவுதான். ரெக்சின் கதை வேறு. பி.வி.சி. ரெக்சினை மெதுவாக வைத்திருக்கும் சேர்மானம் வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும், அப்புறம் விறைத்து வெடிக்கும். பி.யூ. என்று இன்னொரு செயற்கைத் தோல் விற்கிறார்களே, அது தொட்டால் தோல் மாதிரியே இருக்கும், ஆனால் காற்றிலிருக்கும் ஈரமே அதை உள்ளிருந்து சிதைக்கும். உங்கள் பக்கத்து ஈரத்துக்கு அது ஆகாது. எனக்கே அந்த அனுபவம் உண்டு. ஒரு கடையில் அசல் தோல் என்று சொல்லி விற்றதை நம்பி வாங்கி, தெரிந்த டாக்டர் ஒருவரின் வண்டிக்குத் தைத்துக் கொடுத்தேன். மூன்றாவது வருஷம் பாம்பு சட்டை உரித்த மாதிரி உரிந்துவிட்டது. என் காசில் மறுபடி தைத்துக் கொடுத்தேன். அதற்கு அப்புறம் பின்பக்கத்தைத் தடவிப் பார்க்காமல் ஒரு அடி தோல்கூட வாங்குவதில்லை.

பராமரிப்பு பெரிய வித்தை கிடையாது. தூசியை முதலில் உறிஞ்சி எடுக்கச் சொல், மண்ணோடு துடைத்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி. அப்புறம் ஈரத் துணி, பின்னாலேயே உலர்ந்த துணி. மாதம் ஒரு தடவை இளம் சோப்பு நுரை போதும். துணி சோடா, பாத்திரம் கழுவும் தூள் எல்லாம் வேண்டாம், தோல் புளிப்புத் தன்மையில் பதப்பட்டது, காரம் அதைக் கெடுக்கும். கொரோனா காலத்தில் சானிடைசரை ஊற்றித் துடைத்து ஸ்டீயரிங்கிலும் சீட்டிலும் பூச்சு கரைந்து பிசுபிசுத்த வண்டிகள் வரிசையாக வந்தன. அந்த ஸ்பிரிட் பூச்சுக்கு எமன்.

முக்கியமாகத் தேங்காய் எண்ணெய். நீ இருக்கும் ஊரில் யாராவது ஒருவர் நிச்சயம் சொல்வார், தேங்காய் எண்ணெய் தடவினால் தோல் பளபளவென்று இருக்கும் என்று. தடவ விடாதே. பூச்சு இருப்பதால் எண்ணெய் உள்ளே போகாது, மேலேயே நின்று தூசியைப் பிடித்து வைக்கும், நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். வெடிப்பு இருந்தால் அது வழியாக இறங்கி அந்த இடம் கறுத்துவிடும், அப்புறம் நான் பூச்சு அடித்தாலும் ஒட்டாது. தலை சாயும் இடத்தைப் பார்த்தாலே தெரியும், எண்ணெய் வைத்த தலை பட்டுப் பட்டு அந்த இடம் மட்டும் கறுத்து மெழுகு மாதிரி இருக்கும். அங்கே ஒரு சின்னத் துண்டு போட்டு, அதை வாரம் ஒரு தடவை துவைத்தால் போதும்.

உங்கள் ஊர் மழைக்காலத்துக்கு இன்னொன்று. நனைந்த குடையும் ஈர மிதியடியுமாக வண்டியை நாள்கணக்கில் பூட்டி வைத்தால் சீட்டில் வெள்ளையாகப் பூஞ்சை படரும். பயப்பட வேண்டாம். துடைத்துவிட்டு நிழலில் நான்கு கதவையும் திறந்துவைத்துக் காற்றாட விட்டால் போய்விடும். உச்சி வெயிலில் காயவைக்கக் கூடாது. பங்குனி, சித்திரையில் பாலக்காட்டு வெயிலும் லேசில்லை, கண்ணாடிக்கு மறைப்பு வைத்து நிழலில் நிறுத்தச் சொல். பூச்சை வெடிக்க வைப்பதில் உரசலுக்கு அடுத்தது வெயில்தான்.

சீட்டின் மேல் கவர் போட்டுவிடலாமா என்று பையன் யோசிப்பான். சீட்டின் வெளிப்பக்க ஓரத்தில் ஏர்பேக் என்று சின்னத் துணிச்சீட்டு தைத்திருந்தால் கண்ட கவரையும் போட விடாதே. மோதும்போது அந்தப் பை சீட்டின் தையலைப் பிளந்துகொண்டுதான் வெளியே வரும். மேலே இறுக்கமாக ஒரு கவர் இருந்தால் வர வேண்டிய நேரத்தில் வராது. காசு வருகிறதே என்று நான் அதைத் தைத்துக் கொடுப்பதில்லை, இரண்டு வாடிக்கைக்காரர்கள் இதனாலேயே கோபித்துக்கொண்டு போனார்கள்.

வண்டியை விட வேண்டாம், சீட்டைக் கிழிக்க வேண்டாம் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. போன மாதம் வாணியம்பாடி போயிருந்தேன். பாலத்தின் மேல் நின்று கொஞ்ச நேரம் பாலாற்றைப் பார்த்தேன். நந்தி மலையில் பிறந்து, எங்கள் குப்பம் பக்கமாக வந்து, புல்லூரில் தமிழ்நாட்டுக்குள் இறங்கும் ஆறு. நம் அப்பா காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டு வாரக்கணக்கில் தோலை ஊறவைத்தார்கள். குரோம் வந்த பிறகு ஒரு நாளில் முடிகிற வேலையாகிவிட்டது, நமக்கெல்லாம் சோறும் போட்டது. ஆனால் உப்பும் குரோமும் கிணற்றுக்குள் இறங்கின. உச்ச நீதிமன்றம் 1996இல் நம் வேலூர்ப் பக்கத்துத் தோல் ஷாப்புகளைப் பற்றித் தீர்ப்பு எழுதும் அளவுக்குப் போனது. உங்கள் வீட்டுக் கிணறு உப்பாகிப் போனதும், உன் அம்மா இரண்டு தெரு தள்ளிப் போய்க் குடம் சுமந்ததும் எனக்கு மறக்கவில்லை. ஒரு தோல் அவ்வளவு தண்ணீரைக் குடித்துவிட்டு வந்திருக்கிறது. ஓரத்தில் பூச்சு வெடித்தது என்பதற்காக அதைக் கிழித்துக் குப்பையில் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. கடையில் வெட்டி மிஞ்சிய துண்டைக்கூட நான் எறிவதில்லை. சாவிக்கொத்துக்கும் செருப்பு வாருக்கும் எடுத்து வைக்கிறேன். 2021 நவம்பரில் ஆற்றில் வெள்ளம் வந்தபோது ஊரே கரைக்குத் திரண்டது என்று தம்பி சொன்னான். இப்போது மறுபடி மணல்தான்.

வண்டியின் எஞ்சினை மெக்கானிக் ஒருவரிடம் காட்டிக்கொள்ளுங்கள், அதில் நான் வாய் வைக்க மாட்டேன். சீட்டுக்காக விலையைக் கொஞ்சம் குறைத்துக் கேட்கச் சொல். விற்கிறவருக்கு அது போன சீட், நமக்கு இரண்டு நாள் வேலை. வாங்கிவிட்டால் குடும்பத்தோடு இங்கே ஓட்டிக்கொண்டு வாருங்கள். வெள்ளிக்கிழமை வந்தால் சனி, ஞாயிறில் முடித்துவிடுவேன். நீயும் பேத்தியைப் பார்த்த மாதிரி இருக்கும். அதற்கு முன்னால் அந்த வலது ஓரத்தைப் பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பு. நார் அறுந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். தேவைப்பட்டால் அந்தப் பழுப்புக்குப் பொருந்துகிற தோலை இப்போதே ஒதுக்கி வைக்கலாம்.

குழந்தை அழுகிறாள், மருமகளுக்கு வெந்நீர் வைக்க வேண்டும்.

அன்புடன்,
உன் மச்சான்